அரிப்பு

கூட்டப்பனைக்கும் உவரிக்கும் நடுவே
தூண்டில் வளைவின் கல்லிடுக்கில் செருகிக் கிடந்தது
மூன்று பேர் சேர்ந்து தூக்குகிற பேராமை.
ஓடெல்லாம் கொட்டலசு.
வலது துடுப்பு மட்டும் இன்னும் நீந்துகிற வாக்கில்.

வலை அறுத்த தடம் இல்லை.
விசைப்படகுக் காத்தாடியின் வெட்டும் இல்லை.
காயம் இல்லாத சாவு என்பதால்தான்
ராமையன்பட்டியிலிருந்து எங்களை வரச்சொன்னார்கள்.
வனத்துறைக்காரருக்கு ஒரு கையெழுத்து போதும்;
சாயங்காலம் வள்ளியூரில் கல்யாண வீடு.

கத்தி இருந்தது, உப்புக் கரைசல் இருந்தது.
சல்லடை ஆய்வகத்து ஜன்னலில் காய்கிறது என்பது
திசையன்விளை தாண்டித்தான் நினைவுக்கு வந்தது.

சிந்தாத்திரை வீட்டில் மாவரிப்பு கேட்டேன்.
"திருப்பித் தருவியளா?"
"புதுசே வாங்கித் தாறேன்."
"புதுசு எதுக்கு டாக்டரம்மா,
இதோட கண்ணுதான் எனக்குப் பழக்கம்."

அடியோட்டை நெம்பி எடுத்தோம்.
மூன்றறை இதயம்,
கையில் வாங்கினால் ஈர மணலின் கனம்.
பெருநாளத்தில் குழாயைச் செருகிக் கரைசலை விட்டேன்.
முதலில் கறுஞ்சிவப்பாக வந்தது,
பிறகு வெளிறி வெளிறி
சுண்ணாம்பு தெளிந்த பதநீர் போல.

அரிப்பில் நின்றன
நகம் கடித்துத் துப்பிய துணுக்கு மாதிரி
பதினேழு தட்டைப்புழுக்கள்.
ஒவ்வொன்றும் ஆண், ஒவ்வொன்றும் பெண்.
சொன்னதும் வனத்துறைக்காரர்
"கல்யாணச் செலவு இல்லாத சாதி" என்றார்
கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

இந்தப் புழுவுக்கு ஆமை மேல் விரோதம் கிடையாது.
ரத்தத்திலேயே குடியிருந்து
ரத்தத்தையே தின்று
முட்டை போடுகிறது, அவ்வளவுதான்.
அலைவது முட்டை.
இரு முனையிலும் கொக்கி வளைந்து
கடலுக்குப் போகிற வழி தெரியாமல்
ரத்தம் இழுத்த இடத்துக்கெல்லாம் போகிறது.
நாளம் சிறுத்த இடத்தில் நின்றுவிடுகிறது,
மண்ணீரலில், மூளை மடிப்பில்.
குடலைக் கீறிப் பார்த்தேன்.
கேழ்வரகு தூவினாற்போல் கரும்புள்ளிகள்.
உள்ளே கடல் ஓடுகிற உடம்பில்
கடலைத் தேடிச் செத்தவை.

தப்பி வெளியேறும் சிலவற்றுக்கு
ஏதோ ஒரு நத்தை வேண்டும்.
நம் கரையில் எந்த நத்தை என்று
எனக்குத் தெரியவில்லை.
ஊரைக் கடல் அரிக்காமலிருக்கக் கொட்டிய கற்களைப் பார்த்தேன்.
கல்லுக்குக் கல் ஒட்டிக்கொண்டு
என்னென்னவோ இருந்தன.

அதுவரை கயிறு முறுக்கிக்கொண்டிருந்த
தொம்மை மச்சாது எழுந்து வந்தார்.
சிந்தாத்திரையின் புருசன்.
சுற்றிலும் ஆள் விலகட்டும் என்று நின்றார்.
"எனக்குப் பன்னெண்டு வயசிருக்கும், மூலம்.
தூத்துக்குடிக்குக் கூட்டிட்டுப் போயி
அப்பன் மூக்கப் பிடிச்சிக் குடிக்க வச்சாரு,
ஒரு தம்ளர் ஆமை ரத்தம், சூடு ஆறாம.
இந்தப் புழு எனக்குள்ள இருக்குமா?"

"இருக்காது அண்ணாச்சி.
ஆமை உடம்புலதான் இது பிழைக்கும்.
மனுசன் இதுக்கு ஆகாது."

சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.
இதயம் கிடந்த தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"மூலமும் போகல. புழுவும் வரல.
அப்ப ஒண்ணுத்துக்கும் இல்லாமலா குடிச்சேன்?"

என்னிடம் அதற்கு விடை இல்லை.
படிவத்தில் 'காரணம்' என்ற கட்டத்தில்
புழுவை எழுதி, கேள்விக்குறி போட்டு,
கேள்விக்குறியை அடித்தேன். மறுபடி போட்டேன்.
வனத்துறை வண்டி கிளம்பிவிட்டது.
நாய் தோண்டாத ஆழத்தில் குழி வெட்டினார்கள்.

அரிப்பைக் கொதிநீரில் மூன்று தடவை போட்டெடுத்துக்
கொண்டுபோய்க் கொடுத்தேன்.
சிந்தாத்திரை வெயிலுக்கு நேரே பிடித்து
கண் கண்ணாகப் பார்த்தாள்.
ஒரு கண்ணில் ஏதோ பொடி அடைத்திருந்தது.
நகத்தால் சுண்டிவிட்டு
"மணலு" என்றாள்.
நான் ஆமாம் என்று சொல்லவில்லை.